மாஸ்டர் கை நீட்டிய திசை

மலேசியாவில், கிள்ளானில் கல்யாணச் சாமான் என்றால் என் கடைதான். பேருந்து நிலையத்தில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. ரப்பர்ப் பால் வாளி தூக்கினேன், லோரியில் மூட்டை இறக்கினேன், கடை வாசல் நடைபாதையில், எங்கள் பேச்சில் அஞ்சடியில், துணி விரித்து வளையல் விற்றேன். இன்றைக்கு இரண்டு மாடிக் கடை. யார் தயவும் இல்லை.

மாப்பிள்ளை பெண் பெயர் நெய்த பத்தமடைப் பாய்க்கு எங்கள் பக்கம் நல்ல கிராக்கி. இடையில் இருந்த தரகர் முரட்டுப் பாயை அனுப்பி என் பெயரைக் கெடுக்கப் பார்த்தார். "நானே போகிறேன்" என்று கிளம்பிவிட்டேன். என் முகத்தை நேரில் பார்த்தவன் என்னை ஏமாற்றியது கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பந்து தெரியும். எங்கள் தோட்டத்துக் கால்பந்து அணிக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். சப்பாத்து இல்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்டணத்து அணிகளை அழ வைத்திருக்கிறேன். யாரை இறக்குவது, யாரை வெளியே எடுப்பது என்பதில் என் கண் தப்பாது. திருநெல்வேலிக்குப் பாய் வாங்கப் போன எனக்கு அந்தக் கண்ணால்தான் வேலை வந்தது.

ஜங்ஷன் பக்கம் ஒரு விடுதியில் தங்கினேன். தாமிரபரணித் தண்ணீரில் குளித்தால் சோப்பு வழுக்கிக்கொண்டே இருக்கிறது, லேசில் போவதில்லை. இட்லிக்கு மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்துத் தந்தார்கள். நன்றாகப் பசியாறினேன். கோப்பி மட்டும் நம் ஊருக்குக் கால் தூசி பெறாது. இன்னொரு ஆச்சரியம், இவர்களும் நம்மைப் போலவே பேச்சுக்கு நடுவில் 'லா' போடுகிறார்கள். "இருக்குல்லா", "சொன்னேம்லா" என்று பரிமாறுகிறவர் பேசியதைக் கேட்டதும் சொந்த ஊரில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

பத்தமடையில் பாய் முதலாளி என்னை உட்கார வைத்து நெய்ச்சோறும் தாளிச்சாவும் போட்டார். சாப்பாடு தடபுடல், சரக்கு மட்டும் இல்லை. "கோரை தண்ணியில ஊறணும், சாயம் ஏறணும். வெரசா முடிச்சா அந்தப் பாய் ஒங்களப் படுக்க விடாது அண்ணாச்சி. திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்றார். தொழில் தெரிந்த பேச்சு. பொறுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பேருந்து நின்றுவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாம். எங்கள் ஊராக இருந்தால் வேறு பேருந்து வரும். இங்கே நடத்துநர் இறங்கி ஒரு பீடியைப் பற்ற வைத்தார், அவ்வளவுதான்.

சாலைக்கு ஆற்றுப் பக்கம் அறுப்பு முடிந்த வயல். இரண்டு கோடியிலும் பனந்தடியில் கோல் கம்பம் நட்டிருந்தார்கள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு ஒருவன் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. சாலை ஓரத்து டீக்கடையில் ஒரு கூட்டம். நடுவில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளாத குறை. ஒருவர் டீக்கடைக்காரர் நெல்லையப்பன், என் வயது இருக்கும். இன்னொருவன் சுல்தான், மேலப்பாளையத்து ஆட்டோக்காரன்.

"ஆறாம் நம்பரத்தான்வே மாஸ்டர் கை நீட்டி வெளிய எடுக்கச் சொன்னாரு. இசக்கிக்கு அன்னைக்குக் காலே எந்திரிக்கல. குருடனுக்கும் தெரியும்" என்றார் நெல்லையப்பன்.

"ஒமக்கு மட்டும் தெரியும். கோலி ரெண்டு பந்த விட்டானே, அது கணக்குல இல்லையா?"

"பாதி ஆட்டத்துல எவனாவது கோலிய மாத்துவானா, மூதி?"

"மாஸ்டர் மாத்துவாரு. ஒமக்குத் தைரியம் இல்லைன்னா அவருக்கும் இருக்காதாக்கும்!"

மாஸ்டர் அவர்கள் அணியின் பயிற்சியாளர், முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். பந்துப் பேச்சு நடக்கும் இடத்தில் என்னால் சும்மா நிற்க முடியுமா? "மாஸ்டர் எந்தப் பக்கம் கை காட்டினார்?" என்று கேட்டேன்.

"வடக்க. ஆத்துப் பக்கம்."

"உங்கள் அணி எந்தப் பக்கத்துக் கோலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது?"

"கிழக்க."

"அப்படியென்றால் கோல் காக்கிற கோலியும் இல்லை, ஆறாம் நம்பரும் இல்லை. இடது ஓரத்தில் ஓடினவனைத்தான் சொல்லியிருப்பார்" என்றேன். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. நான் பேசினால் அடங்கும், அது எனக்குப் பழக்கம். ஆனால் அவர்கள் மெச்சுகிற மாதிரி பார்க்கவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்திருக்கும் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அப்போதுதான் வயலைக் கவனித்தேன். சுண்ணாம்புக் கோட்டின் மேல், மைதானத்தின் மையத்துக்கு நேராக ஒருவன் நின்றிருந்தான். முப்பது சொச்சம் வயது. வெளுத்த மஞ்சள் சட்டை, காலில் பூட்ஸ். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் சத்தத்துக்கெல்லாம் திரும்பாமல் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான். வயலில் வேறு ஆளே இல்லை.

"அது யாரு?"

"பேச்சிமுத்து. சப்பு, மாத்து ஆளு" என்றார் நெல்லையப்பன்.

"ஆட்டமே நடக்கவில்லையே?"

"நடக்கலதான்" என்று சொல்லிவிட்டுப் பாலை ஆற்றப் போய்விட்டார்.

பேருந்து கிளம்பும்போது ஒரு பெண் தூக்குச்சட்டியோடு வயலில் இறங்கினாள். அவன் மனைவியாக இருக்க வேண்டும். தலையைத் திருப்பாமலே அவன் கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கினான்.

மறுநாள் பேருந்து வேண்டாம் என்று சுல்தானின் ஆட்டோவை வைத்துக்கொண்டேன். அது பேருந்தை மிஞ்சியது. பாலம் ஏறும்போது நின்றுவிட, அவன் பிளக்கைக் கழற்றி ஊதினான், சட்டையில் துடைத்தான், திட்டினான். கடைசியில் நான்தான் இறங்கித் தள்ளினேன். மேலப்பாளையத்தில் ஒரு கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றித் தந்தார்கள். நம் ரொட்டி சானாயை விட ஒரு பிடி உசத்தி என்று ஒப்புக்கொள்கிறேன். சந்துக்குள் தறிச் சத்தம். வாசல்தோறும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள்.

"முந்தாநாள் நடந்த ஆட்டத்தில் கடைசியில் யார் ஜெயித்தது?" என்று கேட்டேன்.

சுல்தான் பரோட்டாவை வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினான். "முந்தாநாளா? அண்ணாச்சி, மாஸ்டர் மௌத்தாகி நாலு வருசம் ஆச்சு."

இறந்துபோவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவன் சொன்னது இதுதான். மாஸ்டர் மில்லில் வேலை பார்த்தவர், மில் அணியில் ஆடியவர். ஓய்வு பெற்றதும் இந்த ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கினார். அவர் இறந்த அன்றைக்கு இறுதி ஆட்டம், இரண்டு பக்கமும் சமம். மாஸ்டர் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு உள்ளே போகத் தயாராகச் சொன்னார். அவன் கோட்டுக்கு வந்து நின்றான். மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். கையை நீட்டி, "அவனை வெளிய கூப்பிடு" என்றார். அப்படியே முன்பக்கமாகச் சரிந்து விழுந்துவிட்டார். ஓடிப் போய்த் தூக்கியபோது மூச்சு இல்லை.

"யாரை வெளிய கூப்பிடச் சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அன்னையிலருந்து நம்ம டீம்ல ஒருத்தனும் பாதியில வெளிய வாரதில்ல. வந்தா, மாஸ்டர் காட்டுன ஆளு அவன்தான்னு ஆயிரும்லா? சாவுற நேரத்துல ஒருத்தர் வெரல நீட்டிக் கூப்பிட்ட ஆளா இருக்க யாருக்கு அண்ணாச்சி பிரியம்? காய்ச்சலோட ஆடுவான், வெரல் ஒடிஞ்சாலும் ஆடுவான். வெளிய மட்டும் வரமாட்டான்."

"பேச்சிமுத்து?"

"உள்ள போகச் சொன்ன ஆளு இருக்கான், வெளிய வார ஆளு இல்ல. என்ன செய்வான்? காலையில கூலி வேலைக்குப் போறான். மத்தியானம் ஆச்சுன்னா வந்து கோட்டுல நிக்கான். மாஸ்டர் கையில வளந்ததுல அவனுக்கு மிஞ்சி ஆளே கிடையாது. நாலு வருசமா ஒரு ஆட்டம் ஆடல. கோட்டிக்காரனாயிட்டான்." கோட்டி என்றால் இங்கே பைத்தியம்.

எனக்குக் கோபம் வந்தது. வேலை தெரிந்தவனைச் சும்மா நிறுத்தி வைப்பதை நான் என் கடையில் கூட விடமாட்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் வயலுக்குப் போனேன். சுல்தான் சாலையிலேயே நின்றுகொண்டான். அணி பழகிக்கொண்டிருந்தது. மறுநாள் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அணியோடு ஆட்டம். அதோடு வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிடுவார்கள், வயல் உழவுக்குப் போய்விடும். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அது.

இசக்கியைப் பார்த்தேன். ஆறாம் நம்பர். முழங்கால் சுரைக்காயாக வீங்கியிருந்தது. எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டினான். "நாளைக்கு ஆடினால் இந்தக் கால் உனக்கு இல்லை, தம்பி" என்றேன்.

"போகட்டும் அண்ணாச்சி. நான் வெளிய வந்தா எங்க வீட்டுல இன்னைக்கே ஒப்பாரி வச்சிருவாவ" என்றான்.

அந்த நேரம் ஒரு பந்து தறிகெட்டுப் பேச்சிமுத்துவை நோக்கிப் பறந்து வந்தது. அவன் பார்க்கவே இல்லை. கண் வடக்கேதான். கால் மட்டும் எழுந்தது. பந்து அந்தக் காலில் பூனைக்குட்டி போல உட்கார்ந்தது. பார்க்காமலே தட்டினான். நேராக இசக்கியின் நல்ல காலுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் எத்தனையோ ஆட்டக்காரர்களைப் பார்த்தவன். எனக்குப் புல்லரித்துவிட்டது.

பக்கத்தில் போய் நின்றேன். "தம்பி, நான் மலேசியாவிலிருந்து வருகிறேன். எனக்குப் பந்து தெரியும்."

"தெரியும். டீக்கடையில நீங்க பேசுனது கேட்டுச்சு" என்றான். தெளிவான பேச்சு. கோட்டி பிடித்தவன் பேச்சு இல்லை. "எடது ஓரம்னு சொன்னீயளே. இத்தன வருசத்துல நீங்க ஒருத்தர்தான் கிட்டத்துல வந்தீய."

"மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றவன் நீ. யாரைத்தான் காட்டினார்?"

"அன்னைக்கே சொன்னேன். கோட்டின்னுட்டாவ. பதினோரு பேருல ஒருத்தனாத்தான் இருக்கணும்னு அவங்களுக்கு. அதுக்குப் பெறகு நான் வாயத் தொறக்கல."

"எனக்குச் சொல்லு."

சொன்னான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எடது ஓரத்துல ஒரு ஆளு ஓடிக்கிட்டிருந்தான். நம்ம மஞ்சச் சட்டைதான். பொறத்தால நம்பர் இல்ல. பந்து அவங்கிட்ட போகல, அவனும் கேக்கல. ஆட்டத்தோட ஆட்டமா ஓடுதான். மாஸ்டர்தான் மொதல்ல பாத்தாரு. 'யாருலே அது?'ன்னு மெதுவா எங்கிட்ட கேட்டாரு. நானும் பாத்தேன். அப்பொறந்தான் எந்திரிச்சுக் கை நீட்டுனாரு. அவரு நீட்டவும் அவன் வெளிய போயிட்டான். இவரு விழுந்துட்டாரு."

"வெளியே எங்கே போனான்?"

"எங்கயும் போகல. வரப்புலதான் நிக்கான். அந்த உடமரத்துக்கு இந்தப் பக்கம். பாத்துக்கிட்டே இருந்தா உள்ள வரமாட்டான். தண்ணி விட்டா போயிருவான். ஆட்டக் காலத்துலதான் பயம்."

வடக்கே பார்த்தேன். ஆற்றங்கரை வரப்பில் ஒரு முள்மரம். அதற்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. பொட்டல்தான். நான்கைந்து எருமைகள் வரப்போரமாக மேய்ந்து வந்தன. அந்த இடத்துக்கு வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வயலுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு, தாண்டியபின் மறுபடியும் வரப்பில் ஏறிப் போயின. மாடு மேய்க்கிறவர் அதட்டவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மூன்றாம் வகுப்புதான் என்றாலும் என் புத்தி என் புத்தி. ஒரு ஏற்பாடு சொன்னேன். "நாளைக்கு இசக்கியை வெளியே எடுக்கிறேன். நீ உள்ளே போகிறாய். உன் இடத்தில் நான் நின்று பார்த்துக்கொள்கிறேன்."

முதல் தடவையாக அவன் என் பக்கம் பாதி திரும்பினான். உடனே மறுபடியும் வடக்கே பார்த்தான். "கண்ண எடுக்கக் கூடாது, அண்ணாச்சி. யாரு கூப்பிட்டாலும்."

"கடையில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் கையைப் பார்க்கிறவன் நான்."

"எனக்கு ஆடணும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாலை ஓரமெல்லாம் கூட்டம். சுண்டல் விற்றார்கள், பனங்கிழங்கு விற்றார்கள். ஆட்டம் தொடங்கியதுமே கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவனும் பயிற்சியாளராகிவிட்டான். அதில் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான்.

"ஏலே, எட்டாம் நம்பரு, பந்த விட்டுட்டு வரப்பு வெட்டுதியா?"

"கோலிக்கு ஒரு கட்டில் போட்டுக் குடுங்கவே, தூங்கட்டும்."

இசக்கி நொண்டிக்கொண்டே ஆடினான். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கீழே விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். இதுவரை ஆளுக்கு ஆள் யோசனை சொன்ன வாய் ஒன்றும் திறக்கவில்லை. நான் கோட்டுக்கு நடந்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா" என்று எங்கள் ஊர்க் குரலில் சத்தம் போட்டேன். "மாஸ்டர் சொன்னது மாஸ்டரோடு போச்சு. அவர் யாரைச் சொன்னாரோ நமக்குத் தெரியாது. இப்போ நான் சொல்றேன். கிள்ளான்காரன் உத்தரவு. இசக்கி வெளியே, பேச்சிமுத்து உள்ளே. இதுல ஏதாவது வந்தா என் தலையில வரட்டும்!"

நெல்லையப்பன்தான் முதலில் மூச்சு விட்டார். "அதும் சரிதான். இது வேற கோச்சு, வேற உத்தரவு" என்றார். எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. இசக்கி அழுதுகொண்டே வெளியே வந்து என் காலடியில் உட்கார்ந்தான். பேச்சிமுத்து என் தோளைப் பிடித்து, தான் நின்ற இடத்தில் என்னை நிறுத்தினான். அந்த இடத்தில் மட்டும் நெல் தாள் தேய்ந்து மண் குழிந்திருந்தது. "பாத்துக்கிடுங்க" என்றான். உள்ளே ஓடினான்.

நான் வடக்கே பார்த்தேன். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் பந்து ஓடும் இடத்தில் நின்று பந்தைப் பார்க்காமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். பேச்சிமுத்து பந்தைத் தொடும் போதெல்லாம் கூட்டம் "ஆ" என்று இழுத்தது. "பாருவே, பாருவே, தொட்டுட்டுப் போறான் பாரு!" என்று நெல்லையப்பன் கத்தினார். சுல்தான் விசிலடித்தான். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. திரும்பவில்லை.

வெயில் மேற்கே சாய்ந்தது. உடைமரத்தின் நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம், நிழலே விழாத இடத்தில், மஞ்சளாக ஏதோ இருந்தது. காய்ந்த கொடியாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதற்குத் தோள் இருப்பது தெரிந்தது. பிறகு இடுப்பில் வைத்த கைகள். எப்போது வந்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நான் கண்ணை எடுக்கவே இல்லை. முதலிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. என் கண்ணுக்குத்தான் நேரம் பிடித்தது. ஆட்டக்காரன் ஒருவன் வெளியே நின்று முறைக்குக் காத்திருப்பானே, அதே நிற்பு. முகம் தெரியவில்லை. ஆனால் அது ஆட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது.

பின்னால் பெரிய கூச்சல். எதிரணி கோல் போட்டுவிட்டது.

"அண்ணாச்சி! கோலி கண்ணுல வெயில் அடிக்கி, தடுமாறுதான். அவன வெளிய எடுங்க!" என்று சுல்தான் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். "நீங்கதான் கோச்சு. ஒரு வார்த்த சொல்லுங்க."

"கோலியை எடுத்தால் யாரை விடுவது? வேறு ஆள் இல்லையே" என்றேன், திரும்பாமல்.

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி. மொதல்ல எடம் காலியாகட்டும். ஆட வார ஆளுக்கா பஞ்சம், எவனாச்சும் வந்துருவான்!"

அவன் அதைச் சொன்னதும் வரப்பில் நின்றது குனிந்தது. ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, பூட்ஸின் கயிற்றை இழுத்துக் கட்டியது. உள்ளே இறங்கப் போகிறவன் கடைசியாகச் செய்கிற வேலை அது. எத்தனை பிள்ளைகளை அப்படிக் கட்டவைத்து உள்ளே அனுப்பியிருக்கிறேன்! ஒரு கயிற்றைக் கட்டி முடித்து, மற்றதற்குக் கால் மாற்றியது.

அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "யாரையும் எடுக்க வேண்டாம்."

"என்ன அண்ணாச்சி?"

"யாரையும் எடுக்க வேண்டாம். எல்லாரும் நல்லா ஆடுறாங்க. அப்படியே ஆடட்டும்."

"நல்லா ஆடுதானா? ரெண்டாவதும் விழப்போவுது!" நெல்லையப்பனும் வந்துவிட்டார். கூட்டமே வந்துவிட்டது. கோலியை எடு, எட்டை எடு, மூன்றை எடு என்று ஆளுக்கு ஒரு நம்பர். நான் வடக்கே பார்த்தபடி, "யாரையும் இல்லை, யாரையும் இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பயந்துட்டாரு. கிள்ளான்ல இப்பிடித்தான் கோச்சு குடுப்பாவளோ?"

"பாய் விக்கத்தாம்வே லாயக்கு, விடும்."

என்னை அப்படிப் பேச எவனுக்கும் நான் இடம் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தேன். ஒருவனுடைய பேரைச் சொல்லியிருந்தால் அவர்கள் வாய் மூடியிருக்கும். என் பெயரும் நின்றிருக்கும். காலடியில் இருந்த இசக்கி மட்டும் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "சொல்லாதீய அண்ணாச்சி" என்றான். அவன் எதைப் பார்த்தான் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது கோலும் விழுந்தது. கடைசி விசில் ஊதும் வரை வரப்பில் இருந்தது ஒற்றை முழங்காலில்தான் இருந்தது. விசில் ஊதியபோது அங்கே உடைமரம்தான் நின்றது.

பேச்சிமுத்து வியர்வை வடிய ஓடி வந்தான். தோற்றவன் முகமாக அது இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"பாத்தீயளா?"

"பார்த்தேன்."

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கோட்டின் மேலேயே உட்கார்ந்தான். அவன் மனைவி ஓடிவந்து அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். "அண்ணாச்சியும் பாத்தாராம். கோட்டி இல்லையாம் எனக்கு" என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

திங்கட்கிழமை பாய்கள் தயாராக இருந்தன. கையில் எடுத்தால் பட்டு. பெயர்கள் எழுத்துப் பிசகாமல் இருந்தன. கட்டுகளைத் தூக்க நானே வருகிறேன் என்று பேச்சிமுத்து பத்தமடைக்கே வந்துவிட்டான். ஜங்ஷன் வரை கூட வருவதாகச் சொன்னான். பேருந்தில் ஆற்றுப் பக்கத்து ஜன்னல் ஓரம் அவன், பக்கத்தில் நான்.

பேச்சு முழுக்க முந்தின நாள் ஆட்டம்தான். இடது காலால் தட்டியது, எட்டாம் நம்பர் வாங்கத் தவறியது, அடுத்த அறுப்புக்குப் பிறகு எப்படி ஆடுவது என்று கை காலெல்லாம் ஆட்டிச் சொல்லிக்கொண்டு வந்தான். நான் பார்க்காத ஆட்டத்தை அவன் வாயால் பார்த்தேன்.

அவன் ஊர் டீக்கடை வந்ததும் பேருந்து வேகம் குறைந்தது. "மலேசியாக்காரரு கோலிய ஏன்வே மாத்தல?" என்று நெல்லையப்பன் யாரிடமோ எகிறிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள் போல. வயல் தொடங்கும் இடத்திலேயே தண்ணீர் பளபளத்தது.

பேச்சிமுத்து ஒரு பாஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன் ஜன்னலுக்கு வெளியே ஒரு கணம் பார்த்தான். பேச்சு நின்றது. கையை உயர்த்தி ஜன்னல் ஷட்டரைக் கீழே வரை இழுத்துவிட்டான்.

"வெயில் அடிக்கில்லா அண்ணாச்சி" என்றான்.

காலை நேரம், அது வடக்குப் பக்கம். வெயில் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் அடித்தது. தண்ணி விட்டா போயிருவான் என்று சொன்னவன் இவன்தான். "ம், அந்தப் பாஸ் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவன் விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.